இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளவும்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான், உன் அத்தான், வாண்டு மூவரும் நலம். நீயும் உன் மனைவியும் நலமா? உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது முக்கால் மணி நேரம் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாய். அதில் வலி கூடியிருக்குமோ என்று எனக்கு ஒரே கவலை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ ‘சரிக்கா, பாக்கலாம்க்கா, அப்புறம் கூப்பிடறேன்க்கா’ என்று மூன்றே வரியில் முடித்துவிடுகிறாய். குடிநீர் அலுவலகத்தில் பதினொரு வருஷமாகப் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். வாயால் சொல்வதெல்லாம் கணக்கில் வராது என்பது எனக்குத் தெரியாதா? அதனால்தான் காகிதம். இனி நீயும் காகிதத்தில்தான் பதில் சொல்ல வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். அன்று கிளம்பும்போது நீ வாண்டுவின் சக்கர நாற்காலி பக்கம் குனிந்து, அவளுக்குக் காது கேட்காது என்று நினைத்தாயோ என்னவோ, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திச் சொன்னாய்: “மாமா வேலை பாக்கிற பார்க்குக்கு வா செல்லம், ராட்சத ராட்டினத்துல உச்சிக்கு ஏத்தறேன்.” அவள் கையும் காலும்தான் அவள் பேச்சைக் கேட்காது. காது நாம் சொல்வதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்ளும். அவள் கண்ணால் காட்டிப் பேசுகிற படப் பலகையில் ராட்டினத்தின் படம் ஒன்றை அத்தான் ஒட்டிக் கொடுத்தார். பக்கத்திலேயே உன் கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டிய உன் தலை. காலையில் கண் விழித்ததும் முதலில் அந்தப் படத்தைப் பார்க்கிறாள், பிறகு உன்னைப் பார்க்கிறாள். போகணுமா என்று கேட்டால் கண்ணை மேலே உயர்த்துகிறாள். அவளுக்கு அது ‘ஆமாம்’. நாக்கை நீட்டினால் ‘இல்லை’. இந்த ஒரு விஷயத்தில் இதுவரை நாக்கு வெளியே வரவேயில்லை.

மே மாதம் அவளுக்குப் பத்து வயது முடிகிறது. அப்போது வரலாம் என்று இருக்கிறோம். வாசலிலிருந்து ராட்டினம் எவ்வளவு தூரம், வழியில் படியா சரிவா, கழிவறைக் கதவின் அகலம் எவ்வளவு, எந்த நாளில் கூட்டம் குறைவு, இவ்வளவையும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 2

பேரன்புமிக்க அக்காவுக்கு,

அநேக வணக்கம். இறைவன் அருளால் நாங்கள் நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உங்கள் கடிதத்தைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்!

இங்கே வேலைப் பளு சொல்லி மாளாது. பாதுகாப்புப் பிரிவு முழுக்க இப்போது என் தலையில்தான். என் கையெழுத்து இல்லாமல் இந்தப் பூங்காவில் ஒரு ராட்டினமும் சுற்றாது. அதனால் நீங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டாம். எல்லாம் நம் கையில்தான்.

ஆனால் மே மாதம் வெயிலும் கூட்டமும் அதிகம். குழந்தை வாடிவிடும். ராட்டினம் வேறு ரொம்ப உயரம், பயந்துவிடுவாள். அவளுக்கு ஏற்றமாதிரி இங்கே மீன் காட்சிக்கூடம் இருக்கிறது. குளுகுளுவென்று இருக்கும், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ஒரு குட்டி ரயிலும் உண்டு.

இப்படிப்பட்ட விருந்தினர்களுக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கிறோம். இணைத்திருக்கிறேன். சும்மா ஒரு சம்பிரதாயம்தான், நிரப்பி அனுப்பிவிடுங்கள். அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும். வாண்டுவுக்கு என் முத்தங்கள்.

என்றும் உங்கள் பாசமுள்ள,
தம்பி

*

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நலம். நான் நான்கு கேள்வி கேட்டிருந்தேன். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துப் பார்த்தும் ஒன்றுக்கும் பதில் அகப்படவில்லை. எங்கள் கவுண்டரில் இதற்குப் பெயர் ‘தாக்கல் உண்டு, தகவல் இல்லை’. நீ வேலையில் முன்னுக்கு வந்தது எப்படி என்று இப்போதுதான் புரிகிறது.

மீன் பார்க்க நாங்கள் அவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. எங்கள் பல் டாக்டர் வீட்டு முன்னறையிலேயே தொட்டி இருக்கிறது, பார்ப்பதற்குக் காசும் கிடையாது. வாண்டுவைக் கேட்டேன். ‘மாமா மீன் பாக்கச் சொல்றாரு, போலாமா?’ நாக்கு வெளியே வந்தது. உள்ளே போகவே நேரமாயிற்று.

உங்கள் படிவம் அருமை. எழுதினவரை எனக்குக் கட்டாயம் அறிமுகப்படுத்து. ‘விருந்தினரின் குறைபாடு (ஒரு வார்த்தையில்)’ என்று ஒரு கட்டம். ‘பொறுமையின்மை’ என்று எழுதினேன். ‘பிற விருந்தினர்களுக்கு இடையூறு செய்வாரா?’ ‘முன்னால் நிற்பவர் போனில் கத்திப் பேசினால் முறைப்பாள்’ என்று எழுதினேன். கடைசிக் கேள்வி மட்டும் ஒழுங்கானது: ‘பாதுகாப்புக் கம்பியை இரு கைகளாலும் தானே பிடித்துக்கொள்வாரா?’ அதற்கு நானும் ஒழுங்காகவே பதில் எழுதியிருக்கிறேன். பிடிக்க மாட்டாள். இடுப்புக்கும் தோளுக்கும் பட்டை போட்டால் அசையாமல் உட்காருவாள். பட்டை அத்தான் தன் வெல்டிங் பட்டறையில் செய்தது. நான்கு வருஷமாகப் பள்ளிப் பேருந்தில் அவள் அதில்தான் போகிறாள். பேருந்து ஓட்டுநரை ஒரு தரம் பார்த்தால் உங்கள் ராட்டினமெல்லாம் தொட்டில் என்பாய்.

மறுபடி கேட்கிறேன். வாண்டுவின் சக்கர நாற்காலி அகலம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். கழிவறைக் கதவு எவ்வளவு? உள்ளே ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குப் பெஞ்சு உண்டா? பத்து வயசுப் பெண்ணுக்குத் துணி மாற்ற வேண்டும். அதைத் தரையில் போட்டுச் செய்ய மாட்டேன். ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பத்து நிமிஷம் நடந்தால் போதும். இடுப்புக்கும் நல்லது.

அக்கா

*

மார்ச் 14

பேரன்புமிக்க அக்காவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். தணிக்கை, கூட்டம், மறுபடி தணிக்கை.

உங்கள் படிவம் உரிய பிரிவுக்குப் போயிருக்கிறது. நல்ல முடிவாக வரும். கழிவறைகள் தாராளமாகவே இருக்கின்றன, அந்தக் கவலையே வேண்டாம். சரிவும் தேவையான இடங்களில் இருக்கிறது.

வந்தால் எங்கள் வீட்டில் தங்கலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அடுக்ககத்தில் லிஃப்ட் பழுது. மூன்றாவது மாடிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவது அத்தானுக்குச் சிரமம். உங்கள் தம்பி மனைவிக்கு அதில் ரொம்ப வருத்தம். போன வாரம் அவளுடைய அண்ணன் குடும்பம் வந்திருந்தார்கள், அவர்களும் உங்களை விசாரித்தார்கள்.

வேண்டுமானால் ராட்டினத்தின் உச்சியிலிருந்து எடுத்த வீடியோ ஒன்றை அனுப்பி வைக்கிறேன். பெரிய திரையில் போட்டுக் காட்டினால் நேரில் ஏறினமாதிரியே இருக்கும். பலருக்கும் அதில் தலைசுற்றலே வந்திருக்கிறது.

பாசமுள்ள,
தம்பி

*

ஏப்ரல் 4

மதிப்பிற்குரிய விருந்தினருக்கு,

வணக்கம். எங்கள் பூங்காவின் மீது தாங்கள் காட்டிய ஆர்வத்திற்கு நன்றி. தங்கள் விண்ணப்பம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. பாதுகாப்பு விதி 14-இன்படி, பாதுகாப்புக் கம்பியை இரு கைகளாலும் தாமே பிடித்துக்கொள்ள இயலாத விருந்தினர்கள் ராட்சத ராட்டினத்தில் அனுமதிக்கப்படுவதில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்களுக்காக மீன் காட்சிக்கூடம் காத்திருக்கிறது.

தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.

(ஒப்பம்)
பாதுகாப்பு அலுவலர்

*

ஏப்ரல் 9

பாதுகாப்பு அலுவலர் அவர்களுக்கு,

நாங்கள் நலம். தாங்கள் நலமா?

தங்கள் கடிதம் கிடைத்தது. கீழே உள்ள ஒப்பத்தைப் பார்த்தேன். முதலெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு, அதன்மேல் ஒரு புள்ளி. பத்தாம் வகுப்பில் என் பௌதிக நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க நீ எழுதிப் பழகி, அதற்காக என்னிடம் அடி வாங்கினாயே, அதே ஒப்பம். இருபது வருஷத்தில் அந்தப் புள்ளி மட்டும் கொஞ்சம் பெருத்திருக்கிறது.

வீட்டில் உரக்கப் படிக்கவில்லை. அத்தானிடம் நீட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். ‘பய படிச்சிருக்க மாட்டான்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார், பட்டறைக்குப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். ஏனென்றால் எனக்கும் வெள்ளிக்கிழமைகள் உண்டு. மதியம் மூன்று மணிக்கு ஒரு கட்டு வரும். அறுபது, எழுபது புகார். ஒவ்வொன்றின் மேலும் குமாஸ்தா ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஏற்கனவே அச்சடித்து வைத்திருப்பார். நான் வலது மூலையைத் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவேன். பெயரைப் பார்க்க மாட்டேன், தெருவைப் பார்க்க மாட்டேன். ஐந்து மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். உன் கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை. நீயும் மூலையைத் தூக்கியிருக்கிறாய். அந்தக் காகிதத்தில் உன் அக்கா பெயர் இருக்கிறது, உன் அக்கா மகள் பெயர் இருக்கிறது, நாலு பக்கத்துக்கு என் கையெழுத்து இருக்கிறது. நீ மூலையை மட்டும் பார்த்தாய்.

படித்துவிட்டு மறுத்திருந்தால் உன்னை வெறுத்திருப்பேன். வெறுப்பதற்கும் ஒரு தகுதி வேண்டுமே. நீ படிக்கக்கூட இல்லை. ‘உரிய பிரிவுக்குப் போயிருக்கிறது’ என்று எனக்கு எழுதினாயே, அந்த உரிய பிரிவு நீதான். உன் மேஜையின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குப் போக அதற்கு இரண்டு மாதம்.

லிஃப்ட் பழுது என்று எழுதியிருந்தாய். நாலு வருஷமாக நாங்கள் வருகிறோம் என்றால் அது பழுது. உன் மனைவியின் அண்ணன் குடும்பம் போன மாதம் எதில் ஏறி வந்தது? அவருடைய எடைக்கு ஒரு மாடி ஏறினாலே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியிருக்குமே.

தங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
அக்கா

*

ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். நான் நலமாக இல்லை. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

தவறு என் குமாஸ்தாவுடையது. அந்த ஆளுக்கு மெமோ கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விஷயம் நீங்கள் சொன்னது உண்மைதான், நான் என்ன செய்ய முடியும்? ஒரு நாளைக்கு எத்தனை காகிதம் தெரியுமா?

அந்த விதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம்மோடு இருக்கட்டும். மூன்று வருஷத்துக்கு முன் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் வந்து, ராட்டினத்துக்கு ஏதாவது விதி இருந்தால்தான் ஆவணம் முடியும், சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். ஒன்று முதல் பதிமூன்று வரை இருந்தது. பதினான்காவதை நான் டீ ஆறுவதற்குள் எழுதினேன். யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை, அக்கா. சத்தியமாக. ஆனால் எழுதியாகிவிட்டது, இப்போது அதை மாற்றினால் ஏன் எழுதினாய் என்று என்னைத்தான் கேட்பார்கள்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை பராமரிப்புக்காகப் பூங்காவுக்கு விடுமுறை. ஒரு ஈ காக்கை இருக்காது. பின்பக்கம் சரக்கு வண்டி வரும் கேட் வழியாக வந்துவிடுங்கள். நானே சுவிட்சைப் போடுகிறேன். அவள் ஒருத்திக்காக மட்டும் ராட்டினம் சுற்றும். எந்த ராணிக்கு இப்படிக் கிடைக்கும்? யாரிடமும் சொல்ல வேண்டாம், போட்டோவும் எடுக்க வேண்டாம்.

பாசமுள்ள,
தம்பி

*

மே 3

தம்பிக்கு,

நலம்.

உன் செவ்வாய்க்கிழமையை வாண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். ‘யாருமே இல்லாதப்ப, பின்வாசல் வழியா, நீ மட்டும்’ என்று விளக்கமாகவே சொன்னேன்.  அவள் பலகையில் மூன்று படத்தைப் பார்த்தாள்: வரிசையில் நிற்கும் பிள்ளைகள், பாப்கார்ன், ராட்டினம். மறுபடி வரிசை. அவளுக்கு வரிசையில் நிற்க வேண்டுமாம். நீயும் நானும் எதிலிருந்தெல்லாம் தப்பிக்கப் பார்க்கிறோமோ அதுதான் அவளுக்கு வேண்டியிருக்கிறது. தள்ளிக்கொண்டு, கால் வலிக்க, முன்னால் நிற்பவனைத் திட்டிக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் மாதிரி.

சரக்கு வண்டி கேட் வழியாக ஆளில்லாத நேரத்தில் உள்ளே போவதைச் சுற்றுலா என்று சொல்ல மாட்டார்கள். சரக்கு இறக்குவது என்பார்கள்.

நீ விதி எழுதிய அழகைப் படித்தேன். டீ ஆறுவதற்குள்! நல்லவேளை, அன்று நீ இரண்டாவது டீ கேட்கவில்லை, பதினைந்தாவது விதியும் வந்திருக்கும்.

மே 24, சனிக்கிழமை. மூன்று டிக்கெட் வாங்கிவிட்டோம், கவுண்டர் விலைக்கு. உன் தயவு வேண்டாம். அன்று நீ விடுப்பில் போய்விட்டால் உனக்கு நல்லது.

அக்கா

*

மே 26

தம்பிக்கு,

வாண்டு நலமாக இல்லை. காய்ச்சல் எதுவும் இல்லை. சனிக்கிழமையிலிருந்து பலகை பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறாள்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ அதை வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வாய் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றோம். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் முறை வந்தது. நீலத் தொப்பி போட்ட அந்த ஆபரேட்டர் பெண் வண்டியைப் பார்த்ததும் முகம் வாடி, ‘மேடம், ரூல் இருக்கு, ஆபீசரைக் கேக்கறேன்’ என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். நீ வந்தாய், கையில் வாக்கிடாக்கி, கழுத்தில் அட்டை.

வாண்டு உன்னைப் பார்த்தாள். பலகையில் ஒட்டின தலை நிஜமாகவே எதிரில் வந்து நிற்கிறது. உடம்பு முழுவதும் துள்ளியது, கை தன்பாட்டில் போய்க் கம்பியில் இடித்தது, கண் மேலே போய் மேலேயே நின்றது. ஆமாம், ஆமாம், ஆமாம். அந்தப் பெண்ணே சிரித்துவிட்டு உன்னைக் கேட்டாள்: “உங்களுக்குத் தெரிஞ்சவங்களா சார்?”

நீ வாக்கிடாக்கியைப் பார்த்தபடி சொன்னாய்: “இல்ல. தெரியாது.”

பிறகு என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்து, ‘சாரி மேடம், ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்’ என்றாய். மேடம்.

அப்போது ஒரு பெட்டி கீழே வந்து நின்றது. உள்ளே ஆறு பேர். ஒருவன் ஒரு கையில் போன், மறு கையில் ஐஸ்கிரீம். ஒரு பெண் இரண்டு கையாலும் தலைமுடியைப் பிடித்திருந்தாள். இரண்டு பேர் ஒருவரையொருவர் பிடித்திருந்தார்கள். கம்பி தனியாக இருந்தது. அத்தான் அந்தப் பெட்டியைக் காட்டினார். உன்னிடம் மெதுவாகக் கேட்டார்: “ஏன் சார், இவங்கள்லாம் எதைப் பிடிச்சிருக்காங்க?” சொந்த மச்சானை சார் என்று கூப்பிட்டார். நீ தெரியாது என்று சொன்னதற்கு அவர் மரியாதை கொடுத்தார். நீ விதி எண்ணைச் சொன்னாய். வரிசையில் பின்னால் ஒருவர், ‘ஏறவிடுங்கப்பா, குழந்தைதானே’ என்றார். நீ அவரிடமும் விதி எண்ணைச் சொன்னாய்.

திரும்பும் வழியில் கழிவறைக்குப் போனோம். கதவு அறுபது சென்டிமீட்டர். நீ பார்த்து எழுதியிருக்க வேண்டிய இரண்டு சென்டிமீட்டர். அவளை மரத்தடியில் என் துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மாற்றினேன். தரையில்.

அழுதேன். உனக்காக அல்ல, அந்த மரத்தடிக்காக.

இன்று காலை உங்கள் மேலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு புகார் அனுப்பியிருக்கிறேன், நகல் காப்பீட்டு நிறுவனத்துக்கு. திட்டி எழுதவில்லை. திட்டி வருகிற புகாரை மூடுவதுதான் எளிது, ‘வருந்துகிறோம்’ என்ற ஒரு வார்த்தை போதும். கெஞ்சி வருவதை மூட ‘பரிசீலிக்கிறோம்’. எண் கேட்டு வருகிற புகாரை மட்டும் மூட முடியாது. பதினொரு வருஷத்தில் என்னிடம் அப்படி எழுதிக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் தெருவுக்கு மூன்றே வாரத்தில் புதுக் குழாய் போட்டோம். அதனால் நானும் நான்கு எண் கேட்டிருக்கிறேன். ஒரு சனிக்கிழமை ராட்டினத்தில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்? அதில் இரு கைகளாலும் கம்பியைப் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர்? பிடிக்காததால் மூன்று வருஷத்தில் அடிபட்டவர்கள் எத்தனை பேர்? விதி எழுதும் முன் எத்தனை தடவை சோதனை நடந்தது? நாலாவதற்கு உனக்கு விடை தெரியும்.

நீ நலமா என்று கேட்கவில்லை.

*

ஆகஸ்ட் 18

பேரன்புமிக்க என் அருமை அக்காவுக்கு,

கோடி வணக்கங்கள். எல்லோரும் நலமாக இருப்பீர்கள். நாங்கள் மிக மிக நலம். இனிப்பான செய்தி!

மூன்று மாதமாக நான் கடிதம் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. இரவு பகலாக ஒரு பெரிய ஆய்வில் இருந்தேன். நான் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பில், ஒரு சனிக்கிழமை ஏறிய 1,140 பேரில் கம்பியை இரு கைகளாலும் பிடித்தவர்கள் முப்பத்தொரு பேர் மட்டுமே என்று தெரியவந்தது. இடுப்புப் பட்டை போட்டால் கம்பியே தேவையில்லை என்பதை மணல் மூட்டை வைத்து நாற்பது முறை சோதித்தோம். என் பரிந்துரையின் பேரில் விதி 14 இந்த மாதம் 25-ஆம் தேதியிலிருந்து நீக்கப்படுகிறது. எல்லாப் பெட்டிகளிலும் பட்டை. கழிவறைக் கதவுகள் அகலமாகிவிட்டன, பெஞ்சும் போட்டாயிற்று. மேலாளர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். மே மாதம் நடந்ததை நாம் இருவரும் மறந்துவிடுவோம், அன்று நான் பணியில் இருந்தேன், புரிந்துகொள்வீர்கள்.

இன்னும் இருக்கிறது. செப்டம்பர் 6 பெரிய விழா. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். முதல் பெட்டியில் முதல் ஆளாக நம் வாண்டு! அவள் என் சொந்த அக்கா மகள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மேலாளருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டிசம்பரில் என் போனில் எடுத்த அவள் படத்தைக் கொடுத்தேன், வாசலில் வைக்கப் பெரிய பேனர் தயாராகிறது. அவளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் நல்ல உடை வாங்கி வையுங்கள். பலகை வேண்டாம், போட்டோவில் முகம் மறைக்கும்.

வீட்டிலேயே தங்கலாம். லிஃப்ட் சரியாகிவிட்டது.

என்றும் உங்கள் உடன்பிறப்பு,
தம்பி

*

செப்டம்பர் 1

தம்பிக்கு,

நாங்கள் மூவரும் நலம்.

லிஃப்ட் குணமடைந்தது அறிந்து மகிழ்ச்சி.

உன் ஆய்வைப் பற்றிப் படித்தேன். நான் கேட்ட எண்களை நீ எண்ண நேர்ந்ததற்கு ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். எனக்கு வேண்டியது கதவும் பெஞ்சும் பட்டையும்தான், பெயர் யாருக்குப் போனால் என்ன? இதிலிருந்து எனக்கும் ஒரு கஷ்டம் வந்து சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கட்டை இப்போது படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன். ஐந்து மணிப் பேருந்து தவறிப்போகிறது. குமாஸ்தா என்னைத் திட்டுகிறார். இவ்வளவு நாள் எத்தனை வீட்டுக்கு நான் உன்னைமாதிரிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் உன்னைக் காறித் துப்ப வாய் வரமாட்டேன் என்கிறது. அதற்காகவும் உன்மேல் கோபம்தான்.

விழாவுக்கு நாங்கள் வரவில்லை. நாங்கள் வந்துவிட்டுப் போயாயிற்று. நேற்று முன்தினம், சனிக்கிழமை, மூன்று டிக்கெட், கவுண்டர் விலை.

வாண்டு தன் பழைய பச்சைச் சட்டைதான் போட்டிருந்தாள். பலகையும் வந்தது. ஒரு மணி நேரம் வரிசை. முன்னால் நின்றவன் போனில் கத்திக்கொண்டே வந்தான், அவள் முறைத்துக்கொண்டே வந்தாள். அதே நீலத் தொப்பிப் பெண்தான் இருந்தாள். எங்களைக் கண்டதும் ஓடி வந்து கதவைத் திறந்தாள், பட்டையை எப்படிப் போட வேண்டும் என்று அத்தானிடம் கேட்டுக் கேட்டுப் போட்டாள். பெட்டி கிளம்பியது. உண்மையைச் சொல்கிறேன். நான்தான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் கத்தினாள். பயத்தில் அல்ல. அப்படி ஒரு சத்தம் அவளிடம் இருக்கிறது என்று பத்து வருஷமாக எனக்குத் தெரியாது.

உச்சியில் பெட்டி நின்றது. அங்கிருந்து வாசல் நன்றாகத் தெரிந்தது. அங்கே நீ இருந்தாய். இரண்டு பேர் தரையில் பேனரை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டில் அகலத்துக்கு வாண்டுவின் முகம். காற்று வந்து ஓரத்தைத் தூக்கியது. பறந்துவிடாமல் இருக்க நீ அதன் மூலையை ஷூ காலால் மிதித்துக்கொண்டு நின்றாய், போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு. அவளும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ‘மாமாவைக் கூப்பிடவா?’ என்று கேட்டேன். நாக்கு வெளியே வந்தது. அதன்பிறகு அவள் கீழே பார்க்கவில்லை, தூரத்துக் கட்டிடங்களைப் பார்த்தாள்.

அந்தப் பேனரைக் கழற்றிவிடு. படம் எடுக்க நான் அனுமதி கொடுக்கவில்லை, மாட்டவும் கொடுக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளுக்குள் கழற்றாவிட்டால் மறுபடி உங்கள் மேலாளருக்கு எழுதுவேன். எப்படி எழுதுவேன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

இறங்கினோம். அந்தப் பெண் பட்டையைக் கழற்றிக்கொண்டே அவளுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்: “ஆபீசர் வாசல்லதான் இருக்கார் மேடம். நீங்க அவருக்கு அக்கானு சொல்றாங்களே. கூப்பிடட்டுமா?”

“அவரை எனக்குத் தெரியாதும்மா” என்றேன்.

வாண்டு இன்னொரு சுற்று கேட்டாள். மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றோம்.

அக்கா